வலிக்காத புண்தான் பொல்லாத புண்

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் டீ மாஸ்டர். 14 வருடமாகச் சர்க்கரை நோய். விடிகாலை 4 மணிக்குப் பாய்லர் முன்னால் போய் நின்றால் மதியம் 1 மணிவரை நிற்பார். சாயங்காலம் மறுபடி அதே நிலைதான். வலது கால் கட்டைவிரலின் அடியில், பாதம் தொடங்கும் இடத்தில், ரொம்ப நாளாக ஓர் ஆணி இருந்தது. பிளேடால் அவரே சீவிக்கொள்வார். நான்கு மாதத்துக்கு முன்னால் அது புண்ணாகி, இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். மூன்று முறை ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தாகிவிட்டது. வலி துளியும் இல்லை என்பதால் வேலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் ராத்திரியானால் இரண்டு காலும் மிளகாய்ப்பொடி தடவியது போல எரிகிறது என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மருத்துவமனையில் கட்டைவிரலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். சித்தப்பாவோ ஆவாரம் இலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினால் போதும் என்கிறார். சுகர் இருந்தால் புண் ஆறவே ஆறாதா? மரத்துப்போன கால் எப்படி எரியும்? விரலை எடுக்கச் சம்மதிக்கலாமா? கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி, எச்.பி.ஏ.1.சி., 9.8.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் புண்ணின் அளவைவிட, ஆன்டிபயாடிக் கணக்கைவிட, என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. 'வலி துளியும் இல்லை என்பதால் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.' நான்கு மாதமாக அந்தப் புண் ஏன் ஆறவில்லை என்பதற்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நமக்கெல்லாம் காலில் ஒரு சின்ன நெருஞ்சி முள் குத்தினால் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லாமலே நொண்டுகிறோம். அந்த இடத்தில் எடை விழாதபடி பாதத்தைச் சாய்த்து வைக்கிறோம். அந்த நொண்டல்தான் முதல் மருத்துவம். உங்கள் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. காலில் குழி விழுந்த மனிதர் நொண்டாமல் நடக்கிறார், நின்று டீ ஆற்றுகிறார். அவருடைய நோய் என்னவென்று என்னைக் கேட்டால், 'நொண்டாமல் நடப்பது' என்றுதான் சொல்வேன்.

சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே ஓடும்போது நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்புதான் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை இடுப்பு முதுகெலும்பிலிருந்து கால்விரல் நுனிவரை போகும் நரம்புகள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் இரண்டு காலிலும் மேலே ஏறுகிறது. 'பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கு டாக்டர்' என்பார்கள். நான் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: 'செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து போயிருக்கிறீர்களா?' பலர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். கூட வந்த மனைவி சிரிக்க மாட்டார். தெருவில் பின்னாலேயே போய் அந்தச் செருப்பை எடுத்துவந்தவர் அவர்தான்.

உணர்வு நரம்பு மட்டும் போவதில்லை. பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பும் போகிறது. விரல்கள் கொக்கிபோல மடங்கி, விரலின் அடியெலும்பு தரையை நோக்கித் துருத்துகிறது. வியர்வை நரம்பும் போகிறது. பாதம் காய்ந்து பித்தவெடிப்பு விழுகிறது. துருத்திய எலும்புக்கும் கடினமான தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கிறது. அதைத்தான் ஆணி என்று பிளேடால் சீவினார் அப்பா. தடித்த தோல் செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. காப்பாற்றுவதற்குப் பதில் இன்னும் அழுத்தும். வெளியே ஆணி தெரியும்போது உள்ளே சதை நசுங்கி ரத்தம் கட்டியிருக்கும். உங்கள் அப்பாவின் புண் நான்கு மாதத்துக்கு முன் தொடங்கியது இல்லை. அன்றுதான் அது வெளியே வந்தது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நம்மூர்க் கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா அங்கே மிஷனரிகள். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகமே நம்பிய காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், நோயாளி, சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இந்த ஒல்லிக் கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று பிராண்ட் யோசிக்கும்போதே தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலில் சாவி எலும்புவரை இறங்கியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நமக்கு வலி 'போதும், நிறுத்து' என்று சொல்லும் இடத்தில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் அவன் பலம். இன்னொரு மர்மமும் இருந்தது. சில நோயாளிகளுக்கு ராத்திரியில் விரல் நுனி காணாமல்போனது. விழித்திருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் கையை இழுத்துக்கொள்ளாமல் தூங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்.

விரலை அழிப்பது கிருமி மட்டுமில்லை, வலி இல்லாமல் போவதுதான் என்று பிராண்ட் நிறுவினார். வேலூரில் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மருந்தைவிட மாவுக்கட்டை நம்பினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்தார். இரண்டும் ஒரே புண்தான் என்று கண்டுகொண்டார். இன்று உலகமெங்கும் சர்க்கரைப் புண்ணுக்குச் செய்யும் வைத்தியத்தில் ஒரு பகுதி வேலூரில் கற்றுக்கொண்டது. நம் ஊருக்குத்தான் அது வந்துசேரவில்லை. கட்டு மாற்றுகிறோம், மாத்திரை மாற்றுகிறோம், மருத்துவமனையையும் மாற்றுகிறோம்; செருப்பை மாற்றுவதில்லை.

குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு பெரியவரின் குதிகால் புண்ணுக்கு மூன்று வாரம் கட்டுப் போட்டேன். கேஸ் ஷீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்றுகூட எழுதினேன். ஒருநாள் வார்டு ஆயா அவருடைய செருப்பைக் கட்டிலடியிலிருந்து எடுத்துத் தட்டியவர், 'சார், ஆணி' என்றார். பாதத்து ஆணியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். செருப்புத் தைப்பவர் அடித்த இரும்பாணி, கால் நகம் அகலத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அதன்மேல்தான் தினமும் நடந்து என்னிடம் கட்டுப் போட வந்திருக்கிறார்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5,000 அடி நடக்கிறார் என்றால் வலது கால் 2,500 முறை தரையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கும் கடைசி நொடியில் உடம்பின் எடை கட்டைவிரலடியில் போய் நிற்கும். அங்கேதான் புண். ராத்திரி முழுக்க உடம்பு ஒரு மெல்லிய சவ்வை நெய்து வைக்கிறது. விடிகாலை 4 மணிக்குப் பாய்லர் முன்னால் போய் அவர் அதை மிதித்துக் கிழிக்கிறார். இந்தக் கணக்கில் எந்தக் களிம்பு ஜெயிக்கும்? புண்மேல் என்ன தடவுகிறோம் என்பது இரண்டாவது கேள்வி. புண்மேல் எது ஏறி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

எனவே அவருக்கு முதலில் வேண்டியது எடை இறக்குவது. அதற்கு உலகம் ஒப்புக்கொண்ட சிறந்த வழி, பாதத்தோடும் கெண்டைக்காலோடும் ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு, அல்லது கழற்ற முடியாதபடி கட்டிவிட்ட முழங்கால் உயர பூட்ஸ். எடை பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பிரிந்துவிடும். கழற்ற முடியாது என்பதுதான் அதன் சிறப்பு. கழற்றக்கூடியதைக் கொடுத்தால் வீட்டுக்குள் நாலு அடிதானே என்று கழற்றிவைத்து நடப்பார்கள், வலிக்காதே! ரத்த ஓட்டம் நன்றாக உள்ள காலில், சீழ் இல்லாத புண், இப்படி எடை இறக்கினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆறும். சுகர் இருந்தால் புண் ஆறாது என்பது, மிதித்துக்கொண்டே இருந்த புண்களைப் பார்த்துப் பார்த்து ஊர் எடுத்த முடிவு.

மாவுக்கட்டு போடத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் கிடைக்காவிட்டால், புண் இருக்கும் இடத்தில் ஓட்டை வெட்டிய தடித்த ஃபெல்ட் பட்டையைப் பாதத்தில் ஒட்டி, முன்பாதத்தில் எடை விழாத செருப்பைப் போடலாம். அதையும் தெரிந்தவர்தான் வெட்ட வேண்டும். வீட்டில் ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினால் ஓட்டையின் விளிம்பே புதிய புண்ணைக் கொண்டுவரும்.

வேலைக்குப் போகாமல் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, 'ஓய்வெடுங்கள்' என்று சீட்டில் எழுதும் எங்களுக்கு அது உறைப்பதில்லை. முதலாளியிடம் போய்ப் பேசுங்கள். இரண்டு மாதம் கல்லாவில் உட்காரட்டும், உட்கார்ந்தபடி வடைக்குப் பொட்டலம் கட்டட்டும், பாய்லர் முன்னால் மட்டும் நிற்க வேண்டாம். இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி போகும். கால் போனால் முழுச் சம்பளமும் போகும் என்பதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகள் சொன்னால் கேட்கிற அப்பாக்கள் உண்டு.

எடை இறக்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஒன்று, ரத்தம் போகிறதா. பாதத்தின் மேல்பக்கத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்து, டாப்ளர் சோதனை செய்யச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் கணுக்காலில் எடுக்கும் அழுத்தம் பொய்யாக நன்றாக இருப்பதுபோல் காட்டும். கால் விரலில் எடுக்கும் அழுத்தம்தான் உண்மை சொல்லும். கால் கதகதப்பாக இருக்கிறதே, ரத்த ஓட்டம் நன்றாகத்தானே இருக்கும் என்று நம்பாதீர்கள். நரம்பு கெட்ட கால் ரத்தம் குறைந்தும் சூடாக இருக்கும். அடைப்பு இருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். அப்பா பீடி குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் இன்றோடு சரி.

இரண்டு, எலும்பு. குழியான புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் குச்சியைக் கிருமி நீக்கி மெதுவாக விட்டுப் பார்ப்போம். கல்லில் தட்டியதுபோல் 'டொக்' என்று எலும்பு தட்டினால் எலும்பிலும் கிருமி ஏறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்றார்கள் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மறுபடி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

விரலை எடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டும் தெரியாமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. விரல் கறுத்துச் செத்துவிட்டாலோ, எலும்பு அரித்துச் சீழ் மேலே ஏறுகிறது என்றாலோ தயங்காமல் சம்மதியுங்கள். அப்போது விரலைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றுகிறோம். ஆனால் ஆறவில்லையே என்ற ஒரே காரணத்துக்காக, ஒருநாள்கூட எடை இறக்கிப் பார்க்காமல், எடுப்பது சரியில்லை. கட்டைவிரல் போனால் அது சுமந்த எடை பக்கத்து விரலடிக்குப் போகும். ஆறு மாதத்தில் அங்கே ஆணி, பிறகு அங்கே புண். ஒன்றொன்றாகக் கழிந்த பாதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலை நிறையப் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். தஞ்சாவூரில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'எடை இறக்க என்ன செய்யப் போகிறீர்கள்?'

அவரிடம் போகும்போது புண்ணைச் சுற்றியுள்ள தடித்த தோலைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். 'சுரண்டிச் சுரண்டிப் பெரிசாக்கிட்டாங்க' என்று மருத்துவமனையை மாற்றிவிடாதீர்கள். மூடியிருந்த புண்ணின் உண்மையான அளவு அதுதான். ஓரத்தோல் தடித்திருந்தால் புதுத்தோல் உள்ளே நகரவே முடியாது. அதே வேலையை அப்பா பிளேடால் செய்யக் கூடாது, ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பும் கூடாது. அதிலுள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல சதை எது என்று தெரியாது.

புண் ஆறுகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் (மேலே இல்லை) ஒரு ஸ்கேலை வைத்து செல்போனில் படம் எடுங்கள். சரியான வைத்தியம் நடந்தால் நான்கு வாரத்தில் பரப்பளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்: எடை, ரத்தம், எலும்பு, கிருமி, இவற்றில் ஒன்று. மூன்று ஆன்டிபயாடிக் கோர்ஸ் என்று எழுதியிருந்தீர்களே, சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம் எதுவும் இல்லாத புண்ணை ஆன்டிபயாடிக் வேகமாக ஆற்றாது. பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மாத்திரைக்குக் கிருமி அசையாமல் போகலாம்.

சித்தப்பாவின் பச்சிலைக் கட்டைப் பற்றி: ஆவாரை மேல் எனக்கு விரோதம் இல்லை. அம்மியில் அரைத்து வரும் இலை சுத்தமானதில்லை, குழிப்புண்ணுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், உள்ளே சீழ் வைத்தாலும் பச்சை நிறத்தில் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டு கட்டியாச்சு என்ற திருப்தியில் அவர் மறுபடி பாய்லர் முன்னால் போய் நிற்பார். இதே குறை ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வெள்ளிக் கட்டுகளுக்கும் உண்டு. சாதாரண நார்மல் சலைனால் கழுவி, ஈரம் காக்கும் சுத்தமான கட்டு போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். அது புதிதாக வளரும் செல்லையும் சேர்த்துக் கொல்லும். வெந்நீரில் காலை ஊறவைக்கவே கூடாது. சூடு தெரியாத கால் வெந்துபோய்க் கொப்புளமாகி வந்தவர்கள் எத்தனை பேர்!

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பை நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள். முட்டை சீழ் வைக்கும் என்பது வெறும் பேச்சு. புதுச் சதை புரதத்தில்தான் வளரும்; சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மட்டும் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். 9.8 என்பது அதிகம். புண் ஆறும்வரையாவது இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். கடைசி வைத்தியம் என்று அதற்கு நம் ஊரில் கெட்ட பெயர், வீண்பழி.

மரத்த கால் எப்படி எரியும்? ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ சும்மா இருக்கிறதா? கரகரவென்று கத்துகிறது இல்லையா? கெட்டுப்போன நரம்பும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் சேதி அதில் ஏறாது, ஆனால் அதுவே எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது என்று இல்லாத சேதியை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பகலில் வேலைச் சந்தடியில் தெரியாது, ராத்திரி அமைதியில் பெரிதாகக் கேட்கும். பிரிகாபலின், டுலாக்சிடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளில் அவருக்குப் பொருந்துவதை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். எரிச்சல் குறையும், தூக்கம் வரும். போன உணர்வு அதனால் திரும்பாது. 'எரிச்சல் நின்றது, கால் சரியாகிவிட்டது' என்று அவர் நினைத்துவிடக் கூடாது. மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிட்டால் உடம்பில் பி12 சத்து குறையலாம். அந்தக் குறையும் இதே எரிச்சலைத் தரும். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள்.

பாதம் திடீரென்று சிவந்தாலோ, சிவப்பு புண்ணின் ஓரத்தைத் தாண்டிப் பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை எகிறினாலோ அன்றே மருத்துவமனை. ஞாயிறு, அமாவாசை, கல்யாணவீடு எதுவும் பார்க்க வேண்டாம்.

ஆறிய பிறகு எனக்கு ஓர் இனிப்பு கொடுத்தனுப்புவீர்கள். அன்றைக்கும் சொல்வேன், ஆறிய புண்ணில் பத்தில் நான்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். ஹவாய் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எம்.சி.ஆர். செருப்பு, பின்பட்டையோடு, அவர் பாதத்துக்கு அளவெடுத்து வாங்குங்கள். தொழுநோயாளிகளுக்கென்று பழகிய அந்த மெத்தென்ற ரப்பர் இன்று சர்க்கரைக்காரர்களின் செருப்பாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் அதே மாதிரி ஒரு ஜோடி. தினமும் ராத்திரி அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் நீங்களோ அம்மாவோ பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடிந்தாலும், 14 வருடச் சர்க்கரையில் கண்ணும் மங்கியிருக்கலாம். விரலிடுக்கைத் துடைத்துக் காயவைத்து, மற்ற இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். போடும் முன் செருப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். அந்த ஆயாவை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். சர்க்கரை 18 வருடமாக. மூன்று வாரமாக இடது பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது. காயம் எதுவும் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் நீவி, க்ரேப் பேண்டேஜ் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். சரிதானா?

- வாசகி, கரூர்

பதில்: அம்மா, இதைப் படித்து முடித்ததும் எழுந்து நடக்காதீர்கள். நீவுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

உணர்வு குறைந்த பாதம் காயமே இல்லாமல் வீங்கிச் சூடானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 'சார்க்கோ பாதம்'. 1868-இல் ஷான் மார்த்தான் சார்க்கோ என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் விவரித்த மூட்டுச் சிதைவு அது. உள்ளே சின்ன எலும்புகள் விரிசல் விட்டு இடம் நகர்ந்துகொண்டிருக்கும். வலி சொல்லாததால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார். நடக்க நடக்க வளைவு அமிழ்ந்து, பாதம் தொட்டில் அடிபோல் குவிந்துவிடும். அதன்பின் அந்தக் குவிவில் புண்.

வீட்டில் இருப்பவரைப் புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் அது சும்மா இல்லை. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், அதனால் சுளுக்கு, செல்லுலைடிஸ், யூரிக் ஆசிட் என்று பெயர் மாறிக்கொண்டே வாரங்கள் போய்விடும். எலும்பு மருத்துவரிடமோ சர்க்கரைக் கால் சிகிச்சை செய்பவரிடமோ போய், 'சார்க்கோவாக இருக்குமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கிருமித்தொற்றும் இல்லை, காலில் ரத்தம் உறையவும் இல்லை என்று அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். சார்க்கோவாக இருந்தால் வைத்தியம் மாவுக்கட்டுதான், பாதத்தின் சூடு தணியும்வரை. பல மாதம் ஆகும். மாத்திரை எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவண்ணாமலை கிரிவலம் போகிறேன். சர்க்கரை வந்து ஒன்பது வருடம். காலில் எந்தத் தொந்தரவும் இல்லை. வெறுங்காலில் தொடரலாமா?

- வாசகர், விழுப்புரம்

பதில்: 'எந்தத் தொந்தரவும் இல்லை' என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். உணர்வு போனவருக்கும் தொந்தரவு இருக்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டி உட்காருங்கள். மனைவியோ மகனோ உங்கள் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுக்கிச்சு மூட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காவல் உணர்வு குறைந்துவிட்டது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவர்கள் கொண்டுவந்த சோதனை இது. மருத்துவமனையில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை வைத்துப் பார்ப்பதற்கு இது நல்ல மாற்று. ஆறும் தெரிந்தால், நாடியும் நன்றாக இருந்தால், ஆணியோ வெடிப்போ இல்லாவிட்டால் இந்த மாதம் போய்வாருங்கள். ராத்திரியிலோ விடியலிலோ, தார்ச்சாலை ஆறிய நேரத்தில். வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

தெரியவில்லை என்றால் 14 கிலோமீட்டர் வெறுங்கால் நடை வேண்டாம். செருப்போடு நடக்க மனம் ஒப்பாவிட்டால் வண்டியில் சுற்றி வாருங்கள். பங்குனி வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் ஐந்து நிமிடம் சுற்றி வந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு மறுநாள் என்னிடம் வந்தவர் ஒருவர். 'சாமி கும்பிட்டுட்டு வந்தேன், காலை ஏதோ பண்ணுது' என்றார். எப்போது சுட்டது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் சர்க்கரைக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாத்திரைச் சீட்டு எழுதி வாங்கப் போகும்போது, கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மருத்துவர் கண்ணில் படும்படி நீட்டுங்கள். அவர் பார்க்கவில்லை என்றால், 'சார், காலையும் ஒரு தடவை பாருங்க' என்று சொல்லுங்கள். சொன்னதற்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.